சீழில் ஒன்றும் வளரவில்லை

பையனுக்கு ஏழு வயது. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் வீடு. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி கொட்டி, வெள்ளைச் செதிலாக இருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தார். அக்கம்பக்கத்தில் புழுவெட்டு என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கிரீமைத் தடவினார். அரிப்பு இரண்டு நாள் அடங்கியது. பிறகு அந்த இடம் வீங்கி, தொட்டால் கொழகொழவென்று அமுங்கி, ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் சீழ் கசிய ஆரம்பித்தது. பின்கழுத்தில் நெறி கட்டியது. காய்ச்சலும் வந்தது.

சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மயக்க மருந்து கொடுத்து, தலையைச் சிரைத்து, கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது வாரம் வீக்கம் பக்கவாட்டில் பரவியது. மறுபடி கீறினார்கள், ஊசி மருந்தை மட்டும் மாற்றினார்கள். காயம் ஆறவில்லை. கடைசியில் உறவினர் ஒருவர் சொல்லிச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனார்கள். அங்கே மருத்துவர் கத்தியைத் தொடவில்லை. வீக்கத்தின் ஓரத்தில் நாலைந்து முடியைச் சாமணத்தால் பிடித்தார். குழந்தை முகம் சுளிப்பதற்குள் அவை கையோடு வந்துவிட்டன. கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முடித்தண்டைச் சுற்றிச் சரம் சரமாகப் பூஞ்சை வித்துகள். அன்றைக்கே மாத்திரை ஆரம்பமானது.

தலையில் வரும் படர்தாமரையே சில குழந்தைகளுக்கு இப்படிச் சீழ்க்கட்டி உருவம் எடுக்கிறது. மருத்துவர்கள் கெரியான் என்பார்கள். முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியர் செல்சஸ் இதை வர்ணித்திருப்பதால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. இந்தக் குடும்பத்தின் வழக்கறிஞராக வழக்கை ஏற்ற பிறகு நான் உட்கார்ந்து படித்ததில் மனத்தில் தங்கியது இது: அந்தச் சீழ் பெரும்பாலும் பாக்டீரியா உண்டாக்கியது அல்ல, பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் கடும் எதிர்ப்பில் வருவது. ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை, மயிர்க்கால் மயிர்க்காலாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால் கீறுவதில் பலன் இல்லை. கிரீம் தடவினாலும் மயிர்க்காலின் ஆழத்துக்கு இறங்காது. மாத்திரைதான் வழி. கிரைசியோஃபல்வின் என்றால் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அல்லது சற்று மேல், தினமும், ஆறு முதல் எட்டு வாரம், பாலோ முட்டையோ போலக் கொழுப்புள்ள ஆகாரத்தோடு. டெர்பினாஃபின் என்றால் ஏறத்தாழ நாலு வாரம். வித்து மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க கீட்டோகோனசோல் ஷாம்பு துணைக்கு. தாமதமானால் மயிர்க்கால்கள் அழிந்து தழும்பாகிவிடும்; தழும்பில் முடி முளைக்காது.

இந்தக் குழந்தைக்கு உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு.

அப்பா என்னிடம் முதலில் கேட்டது, "போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்தா உள்ள தள்ளுவாங்களா சார்?" என்பதுதான். தள்ள மாட்டார்கள் என்றேன். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மருத்துவர்மேல் குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், இன்னொரு தகுதியான மருத்துவரின் கருத்து இல்லாமல் தனியார் புகாரை ஏற்கவும் கூடாது. அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். சிறைக்குப் பயந்த மருத்துவர் யாருக்கும் உதவ மாட்டார். எங்களுக்கு இருந்த வழி நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் சேவைதான் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே முடிவாகிவிட்டது. 2019-ஆம் வருடச் சட்டத்தில் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. கருங்குழிக்காரர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தால் பாதியிலேயே விட்டிருப்பார்கள். செங்கல்பட்டு என்பதால் நின்றார்கள்.

வழக்கின் உயிர் மருத்துவமனைக் கோப்பில் இருந்தது. 2002-ஆம் வருட மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கி, பின்னால் ஓயாமல் அலைந்தோம். வந்த காகிதக்கட்டில் ஒரு சிறு சீட்டு. முதல் அறுவையில் எடுத்த சீழின் கல்ச்சர் அறிக்கை: 48 மணி நேரத்துக்குப் பிறகும் வளர்ச்சி இல்லை. அதன் தேதி முதல் கீறலுக்கும் இரண்டாவது கீறலுக்கும் நடுவில் விழுந்திருந்தது.

முதல் நாளில் அந்த அறுவை மருத்துவர் இதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்ததை நான் குறை சொல்லவில்லை. வெளியே பார்க்க அப்படித்தான் இருக்கும்; அனுபவமுள்ள கண்களும் ஏமாறுகின்றன. நோயைத் தவறாகக் கணித்ததே அலட்சியம் ஆகிவிடாது என்பதை எந்த ஆணையமும் ஒப்புக்கொள்ளும். ஆனால் சீழில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்த பிறகு, அப்படியானால் இது என்ன என்ற கேள்வி எழ வேண்டாமா? பூஞ்சைக்குத் தனி ஊடகம் வேண்டும். சபூரோ அகரில் அது எழுந்து வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு சொட்டு மருந்துநீரும் போதும். அந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் குழந்தைக்கு இரண்டாம் முறை மயக்கம் கொடுத்துக் கத்தி வைத்தார்கள். என் வாதம் முழுவதும் அந்த இரண்டு தேதிகளுக்கு இடையில்தான் நின்றது.

எதிர்த்தரப்பு பலமாகவே பதில் சொன்னது. நோயைக் கெடுத்தது தாய் தடவிய கிரீம் என்றார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தது உண்மை. ஸ்டீராய்டு கலந்த பூச்சு படர்தாமரையின் வட்ட அடையாளத்தை அழித்து, நோயைப் பரவவிடும். 2018 மார்ச்சில் அத்தகைய மருந்துகள் பலவற்றை மத்திய அரசு அட்டவணை ‘எச்’-இல் சேர்த்தது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் ஊருக்கு ஊர் கடையில் கேட்டால் கிடைக்கிறது. இந்த அம்மா கேட்டார், கொடுத்தார்கள். அதற்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்துக் காட்டினேன். முன்பு என்ன மருந்து போட்டார்கள் என்ற இடம் காலி. வீட்டில் ஆடு மாடு உண்டா என்று கேட்டதற்கும் சுவடு இல்லை.

மாடு இருந்தது. ஆயா வீட்டில் இரண்டு பசு, ஒரு கன்று. கன்றின் கண்ணோரத்திலும் காதடியிலும் சாம்பல் நிறப் பத்தைகள். பையன் பள்ளி விட்டு வந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் விளையாடுவான். மாட்டினத்திலிருந்து குழந்தைக்குத் தொற்றும் பூஞ்சைகள் பெரும்பாலும் இப்படிக் கடுமையாக வீங்கவைக்கும் என்று தோல் மருத்துவர் தம் பிரமாணப் பத்திரத்தில் எழுதினார். வீட்டில் மாடு உண்டா என்பது செங்கல்பட்டில் அவர்கள் முதல் நாளே கேட்ட கேள்வி. வீட்டில் மற்ற குழந்தைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். நாலு வயதுத் தங்கையின் காதோரத்தில் அப்போதுதான் ஒரு சிறு செதில் பத்தை தொடங்கியிருந்தது. அவளுக்கும் முடியெடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வடுகூட இல்லாமல் முடி முழுக்க வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தேவைப்படவில்லை. ஒரே வீடு, ஒரே கன்று, ஒரே பூஞ்சை. நேரத்தோடு மாத்திரை கிடைத்த குழந்தைக்கு முடி இருக்கிறது. நாள் கடந்த குழந்தைக்குத் தழும்பு இருக்கிறது. இரண்டு பேர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாக்கல் செய்தேன்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் பையனுக்குக் காதிலும் கழுத்திலும் கையிலும் சிறு சிறு கொப்புளங்கள் வந்ததை எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது: மருந்து ஒவ்வாமை, ஆகவே நோய்க் கணிப்பே தவறு. உண்மையில் பூஞ்சை சாகத் தொடங்கும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. இது தெரியாமல் நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. இந்த அம்மா நிறுத்தவில்லை. "டாக்டர் மொதல்லயே சொல்லியிருந்தாங்க சார், பயப்படாதீங்கன்னு" என்றார். முன்கூட்டியே சொன்ன அந்த ஒரு வாக்கியம் எத்தனை பெரிய மருத்துவம்!

நிபுணர் குழுவின் கருத்து இல்லாமல் வழக்கை விசாரிக்கவே கூடாது என்றும் ஆட்சேபித்தார்கள். 2009-ஆம் வருட மார்ட்டின் டிசூசா தீர்ப்பைக் காட்டினார்கள். நான் அடுத்த வருடம் வந்த கிஷன் ராவ் தீர்ப்பைக் காட்டினேன். மலேரியா கண்ட பெண்ணுக்கு டைபாய்டு மருந்து கொடுத்த வழக்கு அது. எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். ஒரு நோய்க்கு வேறொரு நோயின் மருந்து என்ற வகையில் எங்கள் வழக்குக்கு அதைவிட நெருக்கமான தீர்ப்பு இருக்க முடியாது.

வாதத்தின் முடிவில் இஸ்ரேலைப் பற்றி ஆணையத்தில் சொன்னேன். சுற்றிவளைப்பாகத் தோன்றலாம்; எனக்கு அது வழக்கின் நடுவிலேயே நிற்கும் விஷயம். 1950-களில் அங்கே குடியேறிய குழந்தைகளுக்கு, பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்தவர்களுக்கு, தலைப் படர்தாமரைக்காக எக்ஸ்-ரே கதிர் பாய்ச்சி முடியை உதிர்த்தார்கள். அன்றைய உலகில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைதான் அது. வாய்வழி மாத்திரை இன்னும் வரவில்லை. கிரைசியோஃபல்வினை 1939-லேயே பிரித்தெடுத்திருந்தாலும், வாயால் கொடுத்துப் படர்தாமரையைக் குணப்படுத்தலாம் என்று விலங்குகளில் தெரிந்தது 1958-ல்தான். கதிர் பட்டவர்களில் ஏறத்தாழ 11,000 பேரைத் தொடர்ந்து கவனித்த பாருக் மோடன் குழு, அவர்களுக்குத் தலை, கழுத்துக் கட்டிகள் கூடுதலாக வருவதை 1974-ல் வெளியிட்டது. நஷ்டஈட்டுச் சட்டம் 1994-ல் நிறைவேறியது. மாத்திரை இல்லாத காலத்துக் குழந்தைகளுக்கு நேர்ந்ததற்கே ஒரு நாடு சட்டம் போட்டு ஈடு கொடுத்திருக்கிறது. மாத்திரை மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் காலத்தில், முடியை எடுத்துப் பார்க்காததால் ஒரு குழந்தை அந்த மாத்திரையை வாரக்கணக்கில் இழந்ததை எப்படி விதி என்று விட்டுவிடுவது?

முதல் அறுவை அலட்சியம் அல்ல என்று ஆணையம் எழுதியது, எதிர்பார்த்ததுதான். கல்ச்சர் அறிக்கைக்குப் பிறகும் பூஞ்சையை நினைக்காமல் இரண்டாவது அறுவைக்குப் போனது சேவைக் குறைபாடு என்றது. கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தரவும், குழந்தை பட்ட வேதனைக்கும் தழும்புக்கும் தனியாக ஈடு தரவும் உத்தரவாயிற்று. மருத்துவமனை மேல்முறையீடு போகாமல் கட்டியது.

ஒரு கோரிக்கையை மட்டும் ஆணையம் ஏற்கவில்லை. தழும்பின்மேல் முடி நடும் சிகிச்சை வளர்ந்த பிறகே செய்யத்தக்கது. அந்தச் செலவையும் இப்போதே சேர்க்கக் கேட்டிருந்தேன். நடக்குமா நடக்காதா என்று தெரியாத எதிர்காலச் செலவு என்று தள்ளிவிட்டார்கள். இதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. விபத்து வழக்குகளில் எதிர்கால மருத்துவச் செலவைக் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். காலிழந்தவர் பின்னாளில் செயற்கைக் கால் மாற்றுவாரா என்று சந்தேகப்படுவதில்லை. குழந்தையின் தலையில் நிரந்தரமாக விழுந்த தழும்புக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? அதற்காக மாநில ஆணையத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். "போதும் சார், அவன் படிக்கட்டும்" என்றார் அப்பா. அவர் முடிவு அது. ஆனால் அடுத்து இப்படி ஒரு வழக்கு வந்தால் அந்தக் கோரிக்கையைத்தான் முதலில் எழுதுவேன்.