ஒரு கொக்கி தேடிய கதை

மேஜை துடைக்கும் துணியால் ஒரு வீட்டையே அழ வைக்க முடியுமா? நான் அழ வைத்தேன்!

மறுநாள் காலை என் மகளுக்கு கம்ப்யூட்டர் வழியே நேர்முகத் தேர்வு. அவளுடைய மேஜையோ புத்தகம், காபி டம்ளர், சார்ஜர் என்று சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஈரத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தேன். குவியலுக்குள் கிடந்த ஹெட்போன் தடாலென்று தரையில் விழுந்தது. இடது பக்கம் சத்தமே வரவில்லை.

"யாரும்மா உன்னைத் துடைக்கச் சொன்னா?" என்று அழுதாள். "கண்ட இடத்துலே போட்டா இப்படித்தான்!" என்று நானும் கத்தினேன். இரவு இருவரும் சாப்பிடவில்லை. அடுத்த வீட்டுப் பெண் தன்னுடையதைக் கொடுத்ததால் மானம் தப்பியது. வேலையும் கிடைத்தது, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை.

என் மாமியார்தான் கேட்டார்: "குடைக்கு ஆணி இருக்கு, கண்ணாடிக்குக் கூடு இருக்கு. இதுக்கு மட்டும் ஏம்மா ஓர் இடம் இல்லே?"

புது ஹெட்போன் வந்ததும் முதலில் சுவரில் ஆணி அடித்தேன். பத்தே நாளில் தலையில் படும் மெத்தைப் பகுதியில் பள்ளம் விழுந்துவிட்டது. பிறகு, ஒட்டும் கொக்கி. மே மாத வெயிலில் பசை இளகி மூன்றாம் நாளே கீழே வந்தது. அடுத்து, பார்க்க அழகாக ஒரு மர ஸ்டாண்ட். அடிப்பாகம் கனமில்லாததால் ஒயர் பட்டாலே சாய்ந்தது.

கடைசியாக வாங்கியது, மேஜை விளிம்பில் திருகாணியால் இறுக்கும் கொக்கி. வாங்குமுன் பலகையின் கனத்தை அளந்துகொண்டேன். எங்களுடையது 18 மில்லிமீட்டர். கொக்கி அகலமாக, வளைவாக, மேலே ரப்பர் வைத்ததாக இருக்க வேண்டும். முழங்கால் இடிக்காத, வெயில் படாத பக்கமாகப் பார்த்து மாட்டுங்கள். ஸ்டாண்டுதான் வேண்டுமென்றால் அடி கனமாகவும், காது மெத்தைகள் மேஜையைத் தொடாத உயரமாகவும் பார்த்து வாங்குங்கள். ஒயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக வளையமிட்டால் உள்ளே கம்பி அறாது.

மாட்டுமுன் காது மெத்தையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வியர்வையோடு குவியலுக்குள் கிடந்தால் நாற்றமும் வரும், மேல்தோலும் உரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒலி கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். கழற்றி வைக்க ஓர் இடம் இல்லாதவரை, என் மகள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிவாள். மறுபடி காதில் ஏற எத்தனை நேரமாகும்? இப்போது இரவு எட்டரைக்கு அது கொக்கிக்குப் போய்விடுகிறது.

அப்புறம் என்ன? "அம்மா, இன்னிக்கு ஆபீஸ்லே என்ன நடந்தது தெரியுமா?" என்று சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். முன்பெல்லாம் நான் மூன்று தடவை கூப்பிட வேண்டும்!

ஆனால் நான் துணியைக் கையில் எடுத்தால் மட்டும் ஓடி வருகிறாள்: "அம்மா, மேஜையை நானே துடைச்சுக்கறேன்!"