மூவடியும் மூன்று நாளும்

கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி ஆற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய ஒரே மகனுக்கு இலண்டனில் பணி. "இலண்டன் என்ன பெரிய தொலைவு? பத்து மணி நேரத்தில் வந்துவிடுவான்" என்று கேட்போரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்தார் அப்பெரியவர்.

அவர் சொன்ன கணக்கு பொய்யன்று. இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். இடையில் நில்லாத விமானம் அங்கிருந்து சுமார் 10 மணி நேரத்தில் சென்னையை அடையும். இங்கிருந்து செல்வதற்கு 11 மணி நேரம் வரை ஆகும். உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்காற்று வரும் விமானத்தை உந்துகிறது; போகும் விமானத்தை எதிர்க்கிறது.

ஒரு மார்கழியில் அவருடைய துணைவியார் நோய்வாய்ப்பட்டார். "பிள்ளைக்கு எதற்கு வீண் கவலை? சொல்ல வேண்டாம்" என்றார் அந்த அம்மையார். பெரியவரும் இசைந்தார். மூன்று நாள்கள் கழிந்தன. நான்காம் நாள் மூச்சுத் தளர்ந்த பிறகே தொலைபேசியைக் கையில் எடுத்தார். மகன் அன்றே புறப்பட்டான்.

பத்து மணி என்பது வானத்துக்கு மட்டும் உரிய கணக்கு என்பது அப்போதுதான் விளங்கிற்று. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கிய பின் குடியேற்றச் சோதனை உண்டு. அதற்கப்பால் கள்ளக்குறிச்சிக்குச் சாலைவழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். "தம்பி எங்கே வருகிறான்?" என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தார். உளுந்தூர்பேட்டையில் கார் கள்ளக்குறிச்சிச் சாலைக்குத் திரும்பிய வேளையில் வீட்டில் சங்கு ஒலித்தது.

ஆண்டுத் திதிக்கு மகன் ஒரு வாரம் முன்னதாகவே வந்தான். தந்தையும் மகனும் திருக்கோவலூர் சென்று, திருவடி தூக்கி நிற்கும் உலகளந்த பெருமாளைச் சேவித்தனர். மாவலியிடம் மூவடி மண் கேட்டு, ஈரடியால் மண்ணையும் விண்ணையும் அளந்தவன் அவன். முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஓர் இடைகழியில் நெருங்கி நின்றபோது, நான்காமவனாய் வந்து நெருக்கியவனும் அவனே. அவனுக்குத் தொலைவு என்பது இல்லை. மனிதர்க்கு உண்டு. ஆனால் தம் மகனைத் தாயிடமிருந்து பிரித்தது 8,200 கிலோமீட்டர் அன்று, தாம் வாய் திறவாதிருந்த மூன்று நாள்களே என்பதைப் பெரியவர் அச்சந்நிதியில் உணர்ந்தார். அருகில் நின்ற மகனிடம் அதைச் சொல்லியும் விட்டார். மகன் மறுமொழி கூறவில்லை. தந்தையின் கையைப் பற்றிக்கொண்டான்.

இப்போது கோயில் மண்டபத்தில் ஒத்த வயதினரைக் காணும்போது அவர் பத்து மணிக் கணக்கைச் சொல்வதில்லை. "வீடு வந்து சேர ஒரு முழுநாள் வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வருவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்" என்கிறார்.