ஊசுட்டேரியில் ஒரு காணும் பொங்கல்

1973 காணும் பொங்கலன்று ஆறு பேர் ஊசுட்டேரிக்குப் போனோம். எல்லோரும் ஒரே வகுப்பில் பிரெஞ்சு படித்தவர்கள். இப்போது அங்கே ஸ்கூட்டரில் போய்விடுகிறோம். அன்று எங்களுக்கு அது காடு மாதிரி. காலை ரயிலில் வில்லியனூரில் இறங்கி, பத்துக்கண்ணு வழியாக நடந்தோம். கையில் புளிசாதமும், பேக்கரியில் வாங்கிய இரண்டு நீள ரொட்டியும்.

ஏரி நிரம்பியிருந்தது. சுத்துக்கேணி வாய்க்காலில் வந்த சங்கராபரணித் தண்ணீர். நாமக்கோழிகள் கறுப்புக் கறுப்பாக மிதந்தன. கரையைச் சுற்றி நடந்தால் பாதி ஏரி புதுச்சேரி, மீதி தமிழ்நாடு. எந்த இடத்தில் எல்லை தாண்டினோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேட்டி நுனியில் முள் ஒட்டியதுதான் மிச்சம்.

எங்களில் ஒருவனைச் 'சொல்தா' என்று கூப்பிடுவோம். உண்மையில் சொல்தா அவனுடைய அப்பா. இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்தவர். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள் அல்லவா? அவர் பிரெஞ்சு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் அப்போது பதினொரு வயது. பிள்ளைகளுக்கும் அதே கணக்குத்தான். அடுத்த மாதம் அவன் பிரான்சுக்கு ராணுவ சேவைக்குப் போகிறான். நான் ஆங்கிலத்தில் ஒரு நோட் எழுதத் தெரியாமல் ஆபீசில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் புது கிளார்க். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு தம் படகைக் கொடுத்தார். மூன்று மூன்று பேராகப் போய் வந்தோம். கடைசியில் நானும் சொல்தாவும் மட்டும் ஏறினோம். ஆளுக்கு ஒரு துடுப்பு. அவன் கை பலம், என் கை சோனி. படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. கரையில் நால்வரும் சிரித்தார்கள்.

"நீ எண்ணுடா, உன் வேகத்துக்கு நான் போடறேன்" என்றான்.

டிரில் வகுப்பில் எண்ணுவது போல "ஆன், தே... ஆன், தே..." என்று எண்ணினேன். படகு நேராகப் போயிற்று.

நடு ஏரியில் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "அப்பாவும் போயிட்டாரு. அம்மா தனியா இருக்கும். பென்ஷன் காகிதம் வந்தா படிச்சுச் சொல்லு, எழுதிக் குடு. உன்னைத்தான் நம்பிப் போறேன்."

"சரிடா" என்றேன்.

ஆறு வருடம் ஒழுங்காகச் செய்தேன். வருடா வருடம் உயிரோடு இருப்பதற்கான சான்றுக் காகிதத்தை நான்தான் பூர்த்தி செய்வேன். 1979-ல் ஒருநாள் அம்மா காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அன்றுதான் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை என்று தெரிந்தது. வாசலில் நின்றவரிடம், "நாளைக்கு வாங்கம்மா" என்றேன். கவுண்டரில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அவர் மறுநாள் வரவில்லை. வேறு யாரிடமோ எழுதி வாங்கினார். அதில் பிழை. மூன்று மாதம் பணம் வரவில்லை. பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கினார் என்று என் மனைவி சொல்லித்தான் தெரியும்.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி" என்று காபி கொடுத்தார். அதன்பின் 1998-ல் அவர் கண்மூடும் வரை ஒரு காகிதமும் தவறவிடவில்லை. ஆனால் சொல்தாவிடம் இதை நான் சொன்னதே இல்லை.

அவன் ஓய்வு பெற்று, இப்போது குளிர்காலத்தில் இங்கே வருகிறான். அறுவரில் நாங்கள் இருவர்தான் மிச்சம். போன ஜனவரியில் ஊசுட்டேரிக் கரையில் உட்கார்ந்திருந்தோம். 2008-லேயே புதுவை அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. முழுச் சுற்றும் நடக்க இருவருக்கும் முட்டி இடம் கொடுக்காது. அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டா. அப்பவே அம்மா லெட்டர் எழுத வெச்சாங்க."

"அப்புறம் ஏன்டா ஒருநாளும் கேக்கல?"

"ஒருநாள் 'நாளைக்கு வாங்க'ன்னு சொன்ன. மீதி வருஷமெல்லாம் நீதானே எழுதின? அதையும் அம்மா எழுத வெச்சாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. தூரத்தில் நாமக்கோழிகள் மிதந்துகொண்டிருந்தன. சற்று நேரம் கழித்து எழுந்தோம். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எண்ணுடா" என்றான். கரைச் சரிவில் மெதுவாக இறங்கினோம்.

கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்த்த என் வயதுக்காரர்களுக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. "நாளைக்கு வாங்க" என்று நாம் திருப்பி அனுப்பியவர்களில் எத்தனை பேர் மறுநாள் வந்தார்கள்?