எந்த அரசின் பிரஜை?

வாப்பா 1944இல் பெரியநீலாவணையில் பிறந்தார். பிறக்கும்போது ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் குடி. 1948 நவம்பர் 15இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் சிலோன் பிரஜை. 1972 மே 22இல் ஸ்ரீ லங்கா குடியரசின் பிரஜை. இடையில் 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிந்தபோது ஊரும் மட்டக்களப்பிலிருந்து கழன்றது. பக்கத்துக் கல்லாறு அங்கேயே நின்றுவிட்டது. இத்தனைக்கும் வாப்பா கல்முனைச் சந்தைக்கும் வயலுக்கும்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

முதுமையில் லண்டனுக்கு எங்களிடம் வந்தவருக்குக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தகராறு. பிறந்த நாடு ஸ்ரீ லங்கா என்று எழுதினேன்.

"நான் பொறக்கக்குள்ள அப்பிடி ஒரு நாடு இல்லயே மகன். வெள்ளக்காரன்ட ஆட்சியில பொறந்தத வெள்ளக்காரனுக்கிட்டயே மறைக்கிறதா?"

பிறந்த இடத்துக்கு இன்றைய பெயர் போதும் என்பது என் கட்சி. மண் எங்கும் போகவில்லையே. ஆனால் எந்த அரசின் பிரஜை என்று கேட்டால், எந்தத் தேதியில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

வாப்பா சொன்னதில் அவருக்கே தெரியாத நியாயமும் இருந்தது. பிரித்தானியாவின் 1948ஆம் ஆண்டு தேசியச் சட்டம், சிலோன் உட்படப் பொதுநலவாய நாடுகளின் பிரஜைகளையும் பிரித்தானியக் குடிகள் என்றே வைத்திருந்தது. 1983 ஜனவரி 1இல் புதிய சட்டம் வரும்வரை அதுதான் நிலை. ஆக, பெரியநீலாவணையில் வேளாண்மை செய்துகொண்டிருந்த மனிதர் 38 வயதுவரை லண்டனின் கண்ணில் பிரித்தானியக் குடி. அதைச் சொல்ல ஊருக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் விதைப்புக் காலமென்றால் வாப்பா நின்று கேட்டிருக்க மாட்டார்.

மாநகர மண்டபத்தில் எலிசபெத் மகாராணியின் படத்துக்கு முன்னால் விசுவாசப் பிரமாணம் எடுத்தார். 1952 முதல் 1972 வரை அவர்தான் சிலோனுக்கும் ராணி. அப்போது இலவசமாகக் கிடைத்த ராணிக்கு இப்போது விண்ணப்பக் கட்டணம் கட்டினோம்.

எங்களுக்கு இது சிரிப்புக் கதை. காரணம், சிலோனின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது தகப்பன் இலங்கையில் பிறந்தவரா என்பதை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்பதை. கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த எங்களை யாரும் சோதிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களை அதே கேள்வி நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 975,000 பேரைப் பற்றிப் பேசினார்கள்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் பிறகு பார்ப்போம்.

என் நண்பரின் தகப்பனும் 1944இல்தான் பிறந்தார், ஹட்டன் பக்கத்தில். அவரும் அதே மன்னரின் குடி. 1948க்குப் பிறகு அவருக்கு எழுத ஒன்றும் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிரஜாவுரிமை கிடைத்தது, 59 வயதில்.