நாலு மெழுகுவர்த்தியும் ஒரு கோதண்டமும்

போன செமஸ்டர், ஒரு கம்பெனியின் ஆப்டிட்யூட் டெஸ்ட்டுக்கு முந்தைய ராத்திரி. ரூம்மேட் தூங்கிவிட்டான். ப்ராபபிலிட்டி வீடியோ தேடப் போன என்னை யூட்யூப் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு பழைய பிபிசி காமெடியில் நிறுத்தியது.

ஒரு ஹார்டுவேர் கடை. கவுண்டருக்குப் பின்னால் குள்ளமாக ஒரு கடைக்காரர். கனத்த உடம்போடு ஒருத்தர் உள்ளே வந்து 'ஃபோர் கேண்டில்ஸ்' கேட்கிறார். கடைக்காரர் நாலு மெழுகுவர்த்தி எடுத்து வைக்கிறார். அது இல்லையாம். அவர் கேட்டது 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்'. தோட்டத்தில் மண்ணைக் கிளறும் ஃபோர்க்குக்குப் போடுகிற கைப்பிடி. அவர் பேசும் இங்கிலீஷில் 'ஹ' சத்தமே வராது, முழுங்கிவிடுவார். (எங்க ஸ்கூல் இங்கிலீஷ் மிஸ்ஸாக இருந்தால் அங்கேயே பெஞ்ச் மேல ஏத்தியிருப்பாங்க.) அடுத்து 'ஓஸ்' வேண்டும் என்கிறார். களைக்கொத்து வருகிறது, இல்லை. தண்ணீர் விடும் ஹோஸ் வருகிறது, அதுவும் இல்லை. கடைசியில் பார்த்தால் வீட்டு கேட்டில் மாட்டுகிற 'ஓ' என்ற எழுத்து. எழுத்துப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்த பிறகு, அந்த ஆள் நிதானமாக 'பீஸ்' கேட்கிறார். பெட்டி கையில் இருக்கும்போதே கேட்டிருக்கக் கூடாதா என்று எரிந்து விழுந்து மறுபடி எடுத்து வந்தால், அவருக்கு வேண்டியது டின்னில் வரும் பட்டாணி!

கிரேஸி மோகன் வசனம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மாதிரி சிலேடை புதுசில்லை. ஆனால் இங்கே ரெண்டு பேருமே ஜோக் அடிக்கவில்லை. வாங்க வந்தவர் உண்மையிலேயே சாமான் வாங்கத்தான் வந்திருக்கிறார். கடைக்காரரும் உண்மையிலேயே விற்கத்தான் பார்க்கிறார். யார் மேலும் தப்பில்லை. அதனால்தான் அந்தக் கோபத்தைப் பார்க்கப் பார்க்க சிரிப்பு தாங்கவில்லை. தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு மூணு தடவை பார்த்தேன். மறுநாள் டெஸ்ட்டில் என்ன ஆச்சு என்று கேட்காதீங்க.

அந்தக் காட்சி 1976 செப்டம்பரில் 'தி டூ ரோனீஸ்' நிகழ்ச்சியில் வந்தது. கடைக்காரர் ரோனி கார்பெட், வாங்க வந்தவர் ரோனி பார்க்கர். எழுதியவர் பெயர் ஜெரால்ட் வைலி. யாருடா இந்த வைலி என்று தேடினேன். அப்படி ஒரு ஆளே கிடையாது.

பார்க்கர் 1929-ல் பெட்ஃபோர்டில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். ஆர்க்கிடெக்சர் படிக்கச் சேர்ந்து சில மாதங்களிலேயே விட்டுவிட்டார். (டிராப் அவுட் ஆகணும்னு கனவு காணும் மக்களே, அவசரப்படாதீங்க, மீதியையும் கேளுங்க.) அப்புறம் பேங்க்கில் கிளார்க் வேலை. அதையும் விட்டுவிட்டு, 1948-ல் ஒரு சின்ன நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்த மாதிரி கம்பெனிகளில் அடிக்கடி நாடகம் மாறும். இந்த வாரம் கிழவன், அடுத்த வாரம் போலீஸ்காரன் என்று எது கொடுத்தாலும் ஆடணும். அவர் ஹீரோ ஆகவில்லை, குணச்சித்திர நடிகர் ஆனார். மேடை, ரேடியோ, டிவி என்று படிப்படியாக ஏறி, 1966-ல் டேவிட் ஃப்ராஸ்ட்டின் நிகழ்ச்சிக்கு வந்தபோது நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார்.

சிக்கல் அங்கேதான். அவருக்கு எழுதவும் ஆசை. ஆனால் நிகழ்ச்சியின் ஸ்டாரே ஸ்க்ரிப்ட்டை நீட்டினால் 'நல்லா இல்ல சார்' என்று எவன் சொல்லுவான்? அதனால் 1968-ல் தொடங்கிய 'ஃப்ராஸ்ட் ஆன் சண்டே'க்குத் தன் ஏஜென்ட் மூலமாக, ஜெரால்ட் வைலி என்ற பெயரில் எழுதி அனுப்ப ஆரம்பித்தார். நல்லா இருந்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் குப்பையில் போடட்டும். ஸ்க்ரிப்ட் பிடித்துப்போய் எடுத்தார்கள். வைலி யார் என்று ஆளாளுக்கு ஊகம். டாம் ஸ்டாப்பர்ட் போன்ற பெரிய நாடக ஆசிரியர்கள் பெயரெல்லாம் அடிபட்டது.

இதில் எனக்குப் பிடித்த கட்டம், கார்பெட் ஏமாந்தது. வைலி எழுதிய ஒரு டாக்டர் வெயிட்டிங் ரூம் காமெடியை கார்பெட் விலைக்குக் கேட்டார். ஏஜென்ட் 3000 பவுண்டு என்றார். கார்பெட் அநியாய விலை என்று பார்க்கரிடமே போய்ப் புலம்ப, பார்க்கரும் கூடவே ஆமாம் போட்டார். அப்புறம் வைலி பெரிய மனசு பண்ணி இலவசமாகவே கொடுத்துவிட, கார்பெட் நெகிழ்ந்துபோய் வைலிக்குக் கண்ணாடிக் கோப்பைகள் பரிசாக அனுப்பினார். பக்கத்திலேயே நிற்கிற நண்பனுக்கு, ஏஜென்ட் வழியாக!

கடைசியில், ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த சைனீஸ் ரெஸ்டாரண்ட்டில் எல்லோருக்கும் வைலி விருந்து வைத்தார். இன்றைக்கு ஆளைப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, பார்க்கர் எழுந்து நின்று 'நான்தான் வைலி' என்றார். முதலில் யாருமே நம்பவில்லை.

உண்மை தெரிந்த பிறகும் அவர் அந்தப் பெயரை விடவில்லை. 1971-லிருந்து 1987 வரை 'டூ ரோனீஸ்' ஓடியது. அதற்கும் வைலியாகவே எழுதிக் குவித்தார். இத்தனைக்கும் அவரை மக்கள் தலையில் தூக்கி வைத்தது 'போரிட்ஜ்' கைதி ஃப்ளெட்சரும், 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' மளிகைக் கடைக்காரரும். ரெண்டும் வேற ஆட்கள் எழுதியது. அந்த வெளிச்சமே போதும் என்று இருந்திருக்கலாம். ஒரு விஷயம் கவனித்தேன். கார்பெட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே ஆடியன்ஸோடு பேசுவார். பார்க்கர் அப்படிப் பேசவே மாட்டார். தானாக மேடையில் நிற்க அவருக்குக் கூச்சம். ஒரு மீசையோ தொப்பியோ வேறு பெயரோ வேண்டும். 1988-ல் வந்த கடைசி சீரியல் 'கிளாரன்ஸ்' கூட பாப் ஃபெரிஸ் என்ற பெயரில் அவர் எழுதியதுதான். அது முடிந்ததும், 58 வயதில் ரிடயர் ஆகி, சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரில் பழைய சாமான் கடை வைத்தார்.

இப்போ என் கதை.

நான் பன்னிரண்டு வருஷமும் இங்கிலீஷ் மீடியம். ப்ளஸ் ஒன்னில் மார்க்குக்காக ஃப்ரெஞ்ச் எடுத்தவன். இந்த மேகஸினில் செகண்ட் இயரில் சேர்ந்தது லேஅவுட் பண்ணத்தான். அப்புறம் எழுத ஆரம்பித்தேன். இதுவரை நாலு கட்டுரை, நாலும் வந்தது. 'செம மச்சி' என்றார்கள். தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் ஒரு ஆள், மத்தவங்க எல்லாம் என் கூட டீ குடிக்கிறவங்க. பார்க்கர் கதையைப் படித்த ராத்திரி இது உறுத்த ஆரம்பித்தது. இவங்களில் யார் என்னிடம் 'நல்லா இல்ல' என்று சொல்லுவாங்க?

புதுசாக ஒரு மெயில் ஐடி. தாத்தா பெயர், கோதண்டம். சிவில், முதலாம் ஆண்டு. தாத்தாவின் சைக்கிள் கடை பற்றி ஒரு கதை எழுதி ஃபார்மில் போட்டேன். ரெண்டு வாரம் மெனக்கெட்டு எழுதியது, சத்தியமா.

மீட்டிங்கில் கோதண்டம் முறை வந்தது. செகண்ட் இயர் பெண் ஒருத்தி சத்தமாகப் படித்தாள். ஒரு பக்கம் தாண்டியதும் நிறுத்தினாள். "அண்ணா, இது இங்கிலீஷ்ல யோசிச்சு தமிழ்ல எழுதின மாதிரி இருக்கு. சைக்கிள் கடைக்காரர் 'நான் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன்'னா சொல்லுவாரு? எங்க தாத்தாவா இருந்தா 'பரவாயில்லடா, கை ஓடுது'ம்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏன்னா, என் தாத்தாவும் அப்படித்தான் பேசுவார். வாழ்நாளில் ஒரு தடவைகூட 'பெருமைப்படுகிறேன்' என்று அவர் சொன்னதில்லை. பஞ்சர் ஒட்டி முடித்தால், டயரைத் தட்டிப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" என் கதையில் இல்லை.

வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். பார்க்கருக்கு வைலி ஜெயித்தார். எனக்குக் கோதண்டம் தோற்றார்.

இதைவிடக் கொடுமை, நிராகரிப்பு மெயில் அனுப்புவது என் வேலை. 'தங்கள் படைப்பை இம்முறை பயன்படுத்த இயலவில்லை, தொடர்ந்து முயலவும்' என்று ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது, நானே எழுதியதுதான். ரெண்டு வருஷமாக எத்தனையோ பேருக்கு யோசிக்காமல் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அனுப்பிவிட்டு, கோதண்டத்தின் இன்பாக்ஸில் போய்த் திறந்து படித்தேன். ஏன் வேண்டாம் என்று அதில் ஒரு வரி கிடையாது. முதலாம் ஆண்டுப் பையன் ஒருத்தன் நிஜமாகவே அனுப்பியிருந்தால், அந்த "ம்" விஷயம் அவனுக்குத் தெரியவே தெரியாது.

டெம்ப்ளேட்டை அழித்துவிட்டேன். இனி ஆளுக்கு நாலு வரியாவது எழுதி அனுப்பணும். லேட் ஆகுது என்று திட்டுபவர்கள் திட்டட்டும். என் பழைய நாலு கட்டுரையையும் எடுத்துப் படித்தேன். மூணில் 'பெருமைப்படுகிறேன்' வாடை அடிக்குது. அதை அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம், ஆனா டீ குடிக்கிறவன்கிட்ட எப்படிச் சொல்லுவாங்க.

பார்க்கர் 2005 அக்டோபரில் இறந்தார். அடுத்த வருஷம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவுக் கூட்டம். வழக்கமாக ஊர்வலத்தில் ரெண்டு மெழுகுவர்த்திதான் ஏந்தி வருவார்களாம். அன்றைக்கு நாலு.

தேர்வுக் குழு மக்களே, அந்த சிவில் கோதண்டம் நான்தான். சைனீஸ் ரெஸ்டாரண்ட்டுக்கெல்லாம் காசில்லை, ஆஃபர் லெட்டர் இன்னும் வரலை. வெள்ளிக்கிழமை கேன்டீனுக்கு வாங்க, வெஜ் ஃப்ரைட் ரைஸ் என் கணக்கு. அந்த செகண்ட் இயர் தங்கச்சிக்கு மட்டும் ரெண்டு பிளேட். சைக்கிள் கடைக் கதையைத் திருத்திக்கொண்டு வரேன், மறுபடி சத்தமா படிக்கணும்.