ஏஷ் என்றால் சோறா, ரொட்டியா?

கெய்ரோ,
சையிதா ஸைனப் பகுதி

அன்புள்ள நண்பா,

பதினொரு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவன் நீ. மொட்டை மாடியில் உட்கார வைத்து நீ கற்றுக்கொடுத்த அரபியை நம்பித்தான் இங்கே வந்து இறங்கினேன். சோற்றுக்கு ‘ஏஷ்’ என்று நீ சொன்னது மறக்கவில்லை. முதல் நாள் மதியம் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மொச்சை மாதிரி ஒரு பயற்றைக் குழைய வேகவைத்து, எண்ணெயும் சீரகமும் சேர்த்துத் தருகிறார்கள். ஃபூல் என்று பெயர். அதை வாங்கிக்கொண்டு “ஏஷ்” என்றேன். கடைப் பையன் நாலு ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அரிசி வேண்டும் என்று விரலைக் குவித்துக் காட்டினேன். “ஆ, ருஸ்!” என்றான்.

அந்த ரொட்டியை நீ பார்க்க வேண்டும். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய வட்டம், மேலெல்லாம் தவிடு, பூரி போல உப்பி நிற்கிறது. ஓரத்தைக் கிள்ளினால் ஆவி வருகிறது, உள்ளே பை மாதிரி வாய் திறக்கிறது. சைக்கிளில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையில் பலகை நிறைய ரொட்டி சுமந்து நெரிசலில் நுழைந்து போகிறவர்களைக் காலை முழுக்கப் பார்க்கலாம்.

நீ கற்றுத் தந்ததும் சரி, பையன் தந்ததும் சரி. ஏஷ் என்பதற்கு அடியில் இருக்கிற பொருள் வாழ்வு, பிழைப்பு. குவைத்காரர்கள் முத்துக் குளித்தும் மரக்கலம் ஓட்டியும் பிழைத்தவர்கள். இந்தியத் துறைமுகங்களிலிருந்து அரிசி ஏற்றிப் போனவர்கள். அவர்களுக்கு உயிர் சோற்றில் இருந்தது. நைல் கரையில் அது கோதுமையில் இருக்கிறது. 1977 ஜனவரியில் அரசு உணவு மானியத்தை வெட்டியதும் நாடே தெருவுக்கு வந்தது; முடிவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2011 எழுச்சியில் தஹ்ரீர் சதுக்கத்தில் எழுந்த முழக்கத்தின் முதல் சொல்லே ஏஷ்தான். சுதந்திரமும் சமூக நீதியும் அதற்குப் பிறகு. ஐந்து கிர்ஷாகவே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த மானிய ரொட்டி 2024 ஜூனில் இருபது ஆனதை இன்னும் மனவருத்தத்தோடுதான் பேசுகிறார்கள்.

நான் தங்கியிருக்கும் விடுதியில் துனீசியாவிலிருந்து வந்த ஒரு மாணவர் இருக்கிறார். நேற்று உப்புக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தேன். “யஐஷெக்” என்றார். நன்றி சொல்கிறாராம். கடவுள் உன்னை வாழவைக்கட்டும் என்பது பொருள், அதே வேர்! நம் கிழவிகள் “நல்லா இருய்யா” என்பார்களே, அப்படி.

இங்கே அரபி இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் ஆசையாகச் சொன்னேன். “தெருப் பேச்சுக்கு இலக்கணம் ஏது? ஃபுஸ்ஹாதான் மொழி” என்றார். குர்ஆனின் மொழி, செய்தித்தாளின் மொழி என்று அவர் ஃபுஸ்ஹா மேல் வைத்திருக்கிற மரியாதை எனக்குப் புரிகிறது. மஹ்ஃபூஸ்கூட இந்த ஊர்ச் சந்துகளை நாவலாக்கியபோது உரையாடலை அதில்தான் எழுதினார். ஆனால் தெருப் பேச்சுக்கு இலக்கணம் இல்லை என்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. ‘போகிறேன்’ என்று எழுதி ‘போறேன்’ என்று பேசுகிறவர்கள் நாம். ‘போறேன்’ பிழை என்று என் அம்மாவிடம் போய்ச் சொல்வேனா?

இதைப் பார்: ‘அறிவேன்’ என்பது கெய்ரோவில் ‘அஃரஃப்’. அறியேன் என்றால் முன்னால் ‘மா’, பின்னால் ‘ஷ்’: ‘மஃரஃப்ஷ்’. இரண்டு பக்கமும் அணைத்துத்தான் மறுக்க வேண்டும். அந்த ‘ஷ்’, பொருள் என்று அர்த்தப்படும் ‘ஷை’ தேய்ந்து வந்தது. நம் ‘ஒண்ணும் தெரியாது’வில் உள்ள ஒண்ணு போல. இங்கிருந்து மேற்கே மொராக்கோ வரை இந்த ‘ஷ்’ ஓடுகிறது. உன் குவைத்தில் கிடையாது, அங்கே வெறும் ‘மா’. சிறு குழந்தைகூட இடம் மாற்றி வைப்பதில்லை. இலக்கணம் வேறு எப்படி இருக்கும்?

ஒலியும் அப்படியே. மற்றவர்களின் ‘ஜமால்’ இங்கே ‘கமால்’. நீ சொல்லும் ‘மச்பூஸ்’ சோறு மூலத்தில் ‘மக்பூஸ்’தான், கன்னடத்துக் ‘கிவி’ நமக்குச் ‘செவி’ ஆனது மாதிரி அங்கே க, ச ஆகியிருக்கிறது. கோழி உனக்குத் ‘தியாய்’, இங்கே ‘ஃபிராக்’. ‘இப்போது’ என்பதற்கு இங்கே ‘தில்வஃதி’, டமாஸ்கஸில் ‘ஹல்லஃ’, பாக்தாதில் ‘ஹஸ்ஸா’, மொராக்கோவில் ‘தாபா’, உனக்கு ‘அல்ஹீன்’. ஆனாலும் கெய்ரோப் பேச்சு எல்லா ஊரிலும் புரிகிறது என்கிறார்கள். உம்மு குல்தூம் பாட்டும் இந்த ஊர் சினிமாவும் செய்த வேலை அது.

தொண்டையின் அடியிலிருந்து எழும் ‘க’வைக் கெய்ரோக்காரர்கள் பேச்சில் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். கிர்ஷ் ‘இர்ஷ்’ ஆகிறது, காபி ‘அஹ்வா’ ஆகிறது. நாலு நாளாக நானும் ‘அஹ்வா’ கேட்டுப் பழகிவிட்டேன். நாளை ராத்திரி ரயிலில் லுக்சோர் போகிறேன். தெற்கே அதை விழுங்குவதில்லையாம், அழுத்திக் ‘கஹ்வா’ என்பார்களாம். நீ சொல்லிக்கொடுத்தபடியே அங்கே கேட்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்