டேப்புக்குள் என்ன இருக்கு?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதுன்னு நீங்களும் நம்புறீங்களா? சென்னைத் துறைமுகத்தில் நாங்கள் ஓட்டுவது 420 வகைப் பாய்மரப் படகு, 4.2 மீட்டர்தான், ட்ரெய்லரில் ஏற்றிடலாம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியின் அடிமுனை கையைக் கிழிக்குதேன்னு போன வருஷம் டேப் சுற்றியது நான்தான். வெளியே நல்ல தண்ணியில் கழுவுவோம், பளபளன்னு இருக்கும். உள்ளே உப்புத்தண்ணி தங்கிடுச்சு. ஆக்ஸிஜன் போகாத இடத்தில் ஸ்டீலின் காப்புப் படலம் மறுபடி உருவாகாது. குளோரைடு அரிக்க ஆரம்பிச்சிடும். கிரெவிஸ் கொரோஷன். செமஸ்டரில் ரெண்டு மார்க் கேள்வி, முழு மார்க் வாங்கினேன்!

போன ஞாயிறு டேப்பைப் பிரித்து, பழைய துணியால் கம்பியை உருவினேன். துணி சிக்கியது. மூணு இழை அறுந்திருந்தது. முந்தின நாள்தான் ஒரு ஜூனியர் அந்தப் பக்கம் ட்ரப்பீஸில் தொங்கினான்.

அவன்கிட்ட இன்னும் சொல்லல. இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கப் போறான்.